பால்டிக் தோள்

காலையில் நான் முதலில் பார்ப்பது நீல மணிகளை.
கருவியின் வயிற்றில் ஒரு சின்னப் பெட்டி,
அதில் ஈரம் குடிக்கும் சிலிக்கா.
வெளுத்துச் சிவந்தால் வம்பு:
ஒளியை இரண்டாகப் பிளக்கும் தகடு
உப்புச் சாதி,
தண்ணீர் பட்டால் கலங்கிவிடும்.
கிளைப்பேதா துறைமுகத்தில்,
அலைக்கு நானூறு அடி தள்ளி,
ஈரத்துக்கு அஞ்சும் உப்பை வைத்துப் பிழைக்கிறேன்.

பிப்ரவரி. ஐந்துக்கே இருட்டு.
கம்பளிக் கையுறைக்குள் மாலையைச் சுருட்டிக்கொண்டு
அன்செல்மாஸ் ருட்கால்விஸ் வந்தார்.
"முப்பத்துமூன்று மணி. அம்பர்.
கடைக்காரன் நம்பவில்லை, காகிதம் கேட்கிறான்."

உள்ளே என்ன நடக்கிறது என்றும் கேட்டார்.
சொன்னேன்:
விரல் நீளத்தில் ஒரு கார்பைடு தண்டு
ஆயிரம் டிகிரியில் கனன்றுகொண்டிருக்கிறது.
அதன் ஒளியில் பெரும்பங்கு கண்ணுக்கு எட்டாது,
கன்னத்துக்கு எட்டும்.
உப்புத் தகட்டில் அது பிளந்து
பாதி, அசையாத கண்ணாடிக்கு.
பாதி, முன்னும் பின்னும் நடக்கும் கண்ணாடிக்கு.
திரும்பி வந்து ஒன்றன்மேல் ஒன்று விழும்,
கூடியும் கழிந்தும்.
பிறகு ஒரு வைரத்தின் அடிவழியே ஏறி
மேலே அழுத்திய பொருளை
ஒரு மைக்ரான் ஆழம் தொட்டுவிட்டு இறங்கும்.
தொட்ட இடத்தில் எது எந்தத் தாளத்தில் துடிக்கிறதோ
அது அந்தத் தாளத்தின் பங்கை எடுத்துக்கொள்ளும்.
நீள்வதற்கு ஒன்று, வளைவதற்கு ஒன்று.
உணரிக்குக் கிடைப்பது மிச்சம்.
மிச்சத்தை வைத்துத்தான் தின்றவனைக் கண்டுபிடிக்கிறோம்.

"வரி இலாகா மாதிரி," என்றார்.

திரையில் முதலில் வெறும் கிறுக்கல், நடுவில் ஒரு வெடிப்பு.
கணினி அதைப் பிரித்து அடுக்கியதும்
மலையும் பள்ளமும்.
1730க்கு அருகே ஒரு கூர்.
பிறகு 1250லிருந்து 1180 வரை
வண்டி ஓட்டலாம் போலச் சமதளம்,
அதை ஒட்டி ஒரு முகடு.
இதற்குத்தான் தொழிலில் பால்டிக் தோள் என்று பெயர்.
முதல் மணிக்குத் தோள் இருந்தது.
இரண்டாவதற்கும். ஒன்பதாவதற்கும்.
பதினேழு தோள்கள்.

பதினெட்டாவதில்
3026. 1601. 1493. 699.
எந்த நூலகத்திலும் தேடவில்லை.
அட்டைச் சட்டத்துக்குள் ஒரு மெல்லிய பாலிஸ்டைரீன் தாள்,
கருவி சரியாகப் பேசுகிறதா என்று
தினமும் அதன் தலையில் அடித்துத்தான் சத்தியம் வாங்குகிறேன்.
அந்த முகம் எனக்குத் தூக்கத்திலும் தெரியும்.

"இது பிளாஸ்டிக்," என்றேன்.

கோபப்படவில்லை. மணிமேல் குனிந்து
வெகுநேரம் பார்த்தார். பிறகு சிரித்தார்,
தோள் குலுங்க.
"எண்பத்தாறு. பேருந்துப் படியில் மாலை அறுந்தது.
ஒன்று சாக்கடைக்குப் போய்விட்டது.
அவள் எண்ணிப் பார்க்குமுன்
பல்துலக்கிப் பிடியை அரத்தில் தேய்த்துக் கோத்தேன்.
எது என்று எனக்கே மறந்துபோச்சு."

அவருக்குத் தெரியுமா?

"கேட்டதில்லை. இனிக் கேட்பதானால்
வில்னியஸில் இன்னொருவன் வீட்டு மணியை அடிக்கணும்.
மாலையை மட்டும் விட்டுவிட்டுப் போனாள்."

இதற்குள் திரையில் 2350இல்
இரட்டைக் கொம்பு முளைத்திருந்தது.
அறைக்காற்றில் முக்கால்வாசி நைட்ரஜன்,
எவ்வளவு துடித்தாலும் இந்த ஒளியிடம் வாய் திறக்காது.
ஆக்சிஜனும் அப்படியே.
மனிதன் வெளியே விடும் கரியமில வாயுதான்
மறைக்கத் தெரியாமல் மாட்டிக்கொள்ளும்.
அவரைத் தள்ளி உட்காரச் சொல்லி
வெற்றுப் பின்னணியை மறுபடி எடுத்தேன். விதி அப்படி.

மீதிப் பதினைந்துக்கும் தோள்.
காகிதத்தில்: அம்பர் 32, பாலிஸ்டைரீன் 1.
கையொப்பம், ஸ்கிர்மான்தே.

கத்தரிக்கோல் கேட்டார்.
பதினெட்டாவதை உருவிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு
நூலை முடிந்தார்.
"முப்பத்திரண்டுக்கு விலை சொல்லட்டும்."

அந்தக் கெட்டுப்போன அளவீட்டை
இன்னும் அழிக்கவில்லை.
2350இல் ஒருவர் சிரிக்கிறார்.

நீல மணிகள் லேசாக வெளுத்திருக்கின்றன.
நாளைக்கு அடுப்பில் வைக்க வேண்டும்.